பெருநாள் வாரத்தில் வாங்கிய தோட்டம்

கிளெமென்றைப் பற்றிச் சொல்வதானால் மூக்கிலிருந்துதான் தொடங்கவேண்டும். வேறெங்கே தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம். துறைமுகத்துக் கப்பல் கந்தோர் ஒன்றில் அவன் கிளாக்கர். கந்தோரில் தேத்தண்ணி வந்தால் மற்றவர்கள் எடுத்துக் குடிப்பார்கள். அவன் முதலில் கோப்பையின் விளிம்பை முகர்ந்து பார்ப்பான். ரயிலில் பக்கத்தில் வந்து இருப்பவர் தலையில் பழைய எண்ணெய் வைத்திருந்தால் எழுந்துபோய் வாசலில் நிற்பான். சட்டைப்பையில் எந்நேரமும் ஓடிக்கொலோன் தெளித்து நாலாக மடித்த லேஞ்சி ஒன்று இருக்கும். மீன் சந்தைப் பக்கமோ சாராயக் கடைப் பக்கமோ கால் திரும்பினால் அந்த லேஞ்சி மூக்குக்கு ஏறிவிடும். கந்தோரில் அவனுக்கு லேஞ்சி கிளெமென்ற் என்றே பெயர் விழுந்திருந்தது.

அருவருப்பு மனிதனுக்கு இருக்கவேண்டியதுதான். ஆனால் கிளெமென்ற் அதை ஒரு படிப்புப் பட்டம் மாதிரிக் கொண்டுதிரிந்தான். தனக்கு அருவருப்பு கூட என்பதால் மற்றவர்களைவிடத் தான் ஒரு படி உயர்வு என்று உள்ளுக்குள் நம்பியிருந்தான்.

பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். கருவாட்டு மணம், கான் மணம், துறைமுகத்து எண்ணெய் மணம் எல்லாவற்றோடும் வளர்ந்தவன். கலியாணம் முடிந்த கையோடு ஐறீனைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குக் குடிபோனான். கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மக்கீன் ஹாஜியாருடைய சின்ன வீடு. முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் ஒரு மாமரம், பின்னேரமானால் வீட்டுக்குள்ளே கடற்காற்று. அந்த விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவதுதான் அவனுடைய பொழுதுபோக்கு. ஐறீன் பார்த்துச் சிரிப்பாள்.

"மூச்சுக்கும் ஹாஜியார் வாடகை கேட்டா என்ன செய்வீங்கள்?"

"குடுப்பன்" என்பான் அவன்.

ஐறீன் ஹெந்தளைக்காரி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் கேட்கிறவனுக்குத் தைக்கும். அவளுக்குச் சீதனமாக வந்தது ஹெந்தளையில் கடலுக்குக் கிட்ட ஒரு துண்டுத் தென்னங்காணி. தேங்காய் பறிக்கும் நாட்களில் போய் நின்றுவிட்டு, கால் மணலைத் தட்டாமலே திரும்பி வருவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

முப்பத்தெட்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மக்கீன் ஹாஜியார் வந்து விறாந்தையில் இருந்தார். நல்ல மனிதர். சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"மிஸ்டர் கிளெமென்ற், மகன்ட கடைக்குச் சல்லி தேவப்படுது. இந்த ஊட்ட விக்கிறதா ஈக்கிறன். நீங்க எடுக்கிறண்டா இன்னும் ரெண்டு வருஷம் பொறுப்பன். வேற ஆளுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல."

அன்று இரவு கிளெமென்றுக்குச் சோறு இறங்கவில்லை. ஹெந்தளைக் காணியை விற்றாலும் இந்த வீட்டுக்குக் காணாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குவதென்றால் இருவருக்கும் பல்லு விழுந்துவிடும். அப்போதுதான் கந்தோரில் அடிபடும் கதை ஒன்று அவன் தலைக்குள் புகுந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம் வாங்கிப்போட்டால் அது தன் பாட்டில் வாடகை பெறும், இரண்டு வருஷத்தில் கூடிய விலைக்கு அதைத் தள்ளிவிடலாம். சும்மா இருந்த எத்தனையோ பேர் இப்படித்தான் வீட்டுக்காரர் ஆனார்கள் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவரிடமாவது ஒரு கொட்டில் இருந்ததா என்று அவன் கேட்கவில்லை.

கொழும்பில் தோட்டம் என்றால் பூ, மரம் என்று நினைத்துவிடக்கூடாது. நடுவே கழிவுத் தண்ணீர் ஓடும் ஒரு கான். கானின் இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டிய ஒற்றை அறை வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பைப். கடைசியில் சுவரோரம் வாளிக் கக்கூசுகள். அவ்வளவுதான் தோட்டம்.

"என்ர காணியை வித்து, ஆக்கள் நெருங்கிக்கொண்டு இருக்கிற லைனை வாங்கப்போறீங்களோ?" என்று ஐறீன் கேட்டாள்.

"ரெண்டு வருஷம்தான். பிறகு இந்த வீடு உன்ர பேரில."

ஐறீன் அந்த விறாந்தையையும் மாமரத்தையும் பார்த்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது. அதை மறைத்துச் சொல்லி என்ன பயன்.

"சரி. ஆனா ஒரு மழை நாளில போய்ப் பாருங்கோ. எங்கட அப்பா காணி பார்க்க மழைக்குத்தான் போறவர்."

கிளெமென்ற் தலையாட்டினான். போனது ஆவணியில், நல்ல வெயிலில், அதுவும் மாதா பெருநாள் வாரத்தில்.

கொட்டாஞ்சேனையில் பெருநாள் வாரம் எப்படி இருக்கும் என்று அங்கே பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மாதாவின் சுருவத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுவருவார்கள். கூடு எந்தத் தோட்டத்து வாசலில் நிற்குமோ அந்தத் தோட்டத்துச் சனம் வாரம் முழுக்கக் கிடந்து உழைக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு, கானுக்குச் சுண்ணாம்பு, அதற்கு மேலே பலகை, பலகைக்கு மேலே கடற்கரை வெள்ளை மணல். குருத்தோலைத் தோரணம், சாம்பிராணி, கதவுகளில் புதுச் சீலை. கிளெமென்றே சிறுவயதில் முழங்கால்வரை கானுக்குள் நின்று சுண்ணாம்பு ஊற்றியவன்தான். அப்படிப்பட்டவன் அந்த வாரத்தில் போய்த் தோட்டம் பார்த்தான் என்றால் அவனை என்ன சொல்வது? பெருநாள் வந்தால் கொட்டாஞ்சேனைக்காரனுக்குக் கொட்டாஞ்சேனையே மறந்துபோய்விடும். வருஷம் முழுக்க மூக்கைப் பொத்தியவன் அந்த ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி, எங்கள் ஊர் மாதிரி உண்டா என்று கேட்பான்.

தோட்டத்தின் சொந்தக்காரர் கொன்ஸ்ரன்ரைன். தலை நரைத்த ஆள், அந்த வருஷப் பெருநாளுக்குக் கொடி எடுத்து முன்நின்றவர். கோட்டும் அணிந்து, தோட்டத்தின் முன்வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரி நின்றார். தோட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறிஜெற் என்ற பெண் கிளெமென்றுக்குக் கேக்கும் ஒரு சிறு கிளாசில் வைனும் கொண்டுவந்தாள். அவள் அங்கே அப்பம் சுட்டு விற்கிறவள். அவளுடைய அப்பத்துக்கு ஒழுங்கை முனைவரை காலையில் ஆள் நிற்கும் என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

கிளெமென்ற் மூச்சை இழுத்தான். சாம்பிராணி, ஈரச் சுண்ணாம்பு, குருத்தோலை. லேஞ்சி பைக்குள்ளேயே இருந்தது.

"அண்ணை, கான் எப்பிடி? மழைக்கு நிக்குமோ?" என்று கேட்டான். பலகையைத் தூக்கிப் பார்க்க ஆசைதான். ஆனால் மாதாவுக்காக விரித்த மணலைக் காலால் தள்ளுவதா? பின்னால் போய்க் கக்கூசைப் பார்ப்பதும் அப்படித்தான், அந்த வாரத்தில் மரியாதைக்காரன் செய்கிற வேலையல்ல.

"தம்பி, நான் இந்த முன்வீட்டில பெண்சாதி பிள்ளையளோட இருக்கிறனான்" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "ஒரு மணமும் இல்லை. நீங்களே மூச்சு இழுத்துப் பாருங்கோவன்."

சொல்லிமுடிய மேளச் சத்தம் கேட்டது. கூடு ஒழுங்கைக்குள் திரும்பித் தோட்டத்து வாசலில் நின்றது. சனம் முழங்காலில் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வழக்கம் உண்டு. கூடு வாசலில் நிற்கும்போது சொன்ன சொல்லை மாற்றக்கூடாது. பேச்சுவார்த்தை நின்ற கலியாணங்களை அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்து பேசுவார்கள். கொன்ஸ்ரன்ரைன் முழங்காலில் இருந்தபடியே கையை நீட்டி, "தம்பி, மாதாவுக்கு முன்னால கேக்கிறன், எடுக்கிறீங்களோ?" என்றார்.

விலை கேட்டுக் குறைக்கவோ, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லவோ அது நேரமில்லை. கிளெமென்ற் கண்ணீர் வராத குறையாக அந்தக் கையைப் பிடித்து, "ஓம்" என்றான். கிழவன் அந்தக் கூடு எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாமலா வாசலில் நின்றான்?

ஹெந்தளைக் காணி கைமாறியது. காணாததற்குத் தோட்டத்தையே ஈடு வைத்து, நொத்தாரிசுக்கு முன்னால் உறுதி எழுதி முடித்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் குடும்பத்தோடு நுகேகொடைப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி மழை தொடங்கின ஞாயிற்றுக்கிழமை கிளெமென்ற் வாடகைக்குப் போனான். ஒழுங்கை முனையிலேயே கால் நின்றுவிட்டது. முதலில் அவன் எங்கேயோ செத்த நாய் கிடக்கிறது என்று நினைத்தான். லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். சுண்ணாம்பு கரைந்துபோய்ச் சுவர் மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. மணல் இல்லை, பலகை இல்லை. கான் கானாகவே இல்லை. தண்ணீர் போக வழியில்லாமல் நிரம்பி, வீட்டு வாசற்படிகளை நக்கிக்கொண்டு நின்றது. அந்தத் தண்ணீரில் மிதந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. சிறுபிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவி பைப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிறிஜெற் வாசலில் சட்டி வைத்து அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டான். அவள் ஒளிக்கவில்லை.

"பின்னுக்கு இருக்கிறது ஸவாஹிர் முதலாளிட மரக்காலை. முனிசிப்பல் ஆக்கள் வாளி எடுக்க வாற பாதை அவற்ற காணிக்குள்ளால. கொன்ஸ்ரன்ரைன் ஐயா பாதைக்குக் காசு தாறன் எண்டு சொல்லிச் சொல்லி ஏமாத்தினதில அவர் கதவைப் பூட்டியிட்டார். இப்ப வாளி எடுக்கிறதில்லை. நிரம்பினா கானுக்குள்ளதான்."

"அப்ப பெருநாளைக்கு?"

"பெருநாளைக்கு மட்டும் முதலாளி கதவைத் திறந்துவிடுவார். உங்கட மாதா வாற நேரம் அசிங்கமா இருக்கக்கூடாது எண்டு அவரே சொல்லுவார். அந்தக் கிழமைதான் நாங்களும் மனிசர் மாதிரி இருக்கிறது." அவள் ஓர் அப்பத்தைக் கடதாசியில் வைத்து நீட்டினாள். "சாப்பிடுங்கோ ஐயா. காலமை ஒண்டும் சாப்பிடாம வந்திருப்பீங்கள்."

கிளெமென்ற் வாங்கிக்கொண்டான். ஒழுங்கை திரும்பியதும் அதை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுக் கையைச் சுவரில் தேய்த்தான். திரும்பிப் பார்த்தபோது பிறிஜெற் குடத்தோடு முனையில் நின்றாள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

அடுத்த கிழமையே அவன் பலகையும் உத்தரமும் அடுக்கி விற்கிற அந்த மரக்காலைக்குப் போனான். ஸவாஹிர் முதலாளி கொன்ஸ்ரன்ரைனை வாயாரத் திட்டிவிட்டு, நியாயமான பேச்சுத்தான் பேசினார். "பாதய உங்கட பேருக்கு எழுதி எடுத்துக்கோங்க. பக்கத்துல உள்ளவங்க நாறிக்கிட்டுக் கெடக்கிறது எனக்கும் நல்லாவா ஈக்கிது?" அவர் கேட்டது அநியாய விலையல்ல. ஆனால் அது ஹாஜியாருடைய வீட்டுக்கென்று கிளெமென்ற் ஒதுக்கத் தொடங்கியிருந்ததை விழுங்கிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான்.

ரயிலில் திரும்பும்போது யோசித்தான். நான் அங்கே குடியிருக்கப் போகிறேனா? இல்லை. இன்னும் ஒன்றேகால் வருஷம். அதற்குள் ஒரு பெருநாள் வரும். பெருநாள் வந்தால் ஸவாஹிர் கதவைத் திறப்பார், சனம் சுண்ணாம்பு அடிக்கும், சாம்பிராணி போடும். என்னிடம் விற்ற மாதிரி நானும் ஒருவனிடம் விற்றுவிட்டுப் போகலாம். வெள்ளவத்தைக்கு வந்து இறங்கும்போது யோசனை முடிந்துவிட்டது. விறாந்தையில் இருந்து மூச்சை இழுத்து விட்டான்.

கொன்ஸ்ரன்ரைன்மேல் அவனுக்கு இருந்த அருவருப்புக்கு அளவில்லை. கந்தோரில் அவர் பெயரை எடுத்தாலே துப்பாத குறைதான். அதே வாயால்தான் அவன் அடுத்த பெருநாளுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் முழுக்க அவன் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஒழுங்கை முனையில் லேஞ்சியோடு நிற்பான். சனம் வந்து வாடகையைக் கொடுத்துவிட்டுப் போகும். நாணயங்களைக் கையால் வாங்காமல் ஒரு தகரப் பெட்டியை நீட்டுவான். வீட்டுக்கு வந்ததும் ஐறீன் பெட்டியைச் சுடுதண்ணீரில் போட்டு எடுக்கவேண்டும்.

"அந்தக் கதவை எப்ப திறப்பிக்கப் போறீங்கள்?" என்று அவள் கேட்பாள்.

"பாப்பம்" என்பான்.

பங்குனியில் தோட்டத்துக்குள் நெருப்புக்காய்ச்சல் புகுந்தது. முதலில் பைப்புக்குப் பக்கத்து வீட்டில், பிறகு எதிர்வீட்டில், பிறகு பிறிஜெற்றுக்கு. அவள் செத்துப் பிழைத்தாள். தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. எழுந்து நடமாடத் தொடங்கி மறுபடி சட்டி வைத்தபோது ஒருவரும் அப்பம் வாங்க வரவில்லை. அந்தத் தோட்டத்து அப்பமா என்று கேட்டுவிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள். கிளெமென்ற் செய்தி கேட்டு ஒரு போத்தல் கிருமி மருந்து வாங்கி அனுப்பினான். தர்மவான்.

ஐறீன் மட்டும் ஒருநாள் அவனுக்குச் சொல்லாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய் பிறிஜெற்றைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. "உங்கட ஆக்களுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டாள். என் ஆக்களா என்று கிளெமென்றுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆவணி வந்தது. கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பேர்னாட் என்ற இளம் கிளாக்கர் சிக்கியிருந்தான். கலியாணமான கையோடு மாமனார் கொடுத்ததை எதிலாவது போடவேண்டும் என்று பறந்துகொண்டிருந்தவன். கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான். கிளெமென்ற் அவனைப் பெருநாளுக்கு அழைத்தான். மாதா கூடு தோட்டத்து வாசலில் நிற்கும், வந்து வணங்கிவிட்டுத் தோட்டத்தையும் பார்க்கலாம் என்றான். சுண்ணாம்பு மூட்டைகளும் ஒரு வண்டி வெள்ளை மணலும் தோட்டத்துக்கு அனுப்பினான். முன் எந்தச் சொந்தக்காரனும் செய்யாத தாராளம். சனம் தன்னை மெச்சும் என்றுகூட நினைத்தான்.

பெருநாள் அன்று பின்னேரம் பேர்னாட்டும் அவன் பெண்சாதியும் பட்டும் கோட்டுமாக வந்தார்கள். கிளெமென்ற் ஐறீனோடு முன்னால் நடந்தான். ஒழுங்கை முனையில் அவனுடைய கை தன்பாட்டில் லேஞ்சிக்குப் போயிற்று.

சுண்ணாம்பு மூட்டைகள் கட்டவிழாமல் வாசலில் அடுக்கிக் கிடந்தன. மணல் கொட்டின இடத்திலேயே குவிந்து கிடந்தது. சுவர் கறுப்பு. கான் வாய்திறந்து, நிரம்பி, வெயிலில் பச்சையாக நுரைத்துக்கொண்டிருந்தது. பெருநாள் உடுப்புப் போட்ட சனம் கானின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றது.

பிறிஜெற் தலையில் துணி கட்டியிருந்தாள்.

"என்ன இது? சுண்ணாம்பு அனுப்பினனான்தானே?" என்றான் கிளெமென்ற்.

"வந்தது ஐயா. ஒண்டும் குறையாம அங்க இருக்கு. எண்ணி எடுங்கோ." அவள் குரல் உயரவில்லை. "நாங்கள் வெள்ளையடிக்கிறது மாதாவுக்கு. இந்த முறை நீங்கள் ஆள் கூட்டிக்கொண்டு வாறீங்கள் எண்டு கேள்விப்பட்டம். போன முறை நாங்கள் அடிச்ச வெள்ளையாலதான் நீங்கள் ஏமாந்தீங்கள். அந்தப் பாவம் எங்களிலயும் இருக்கு. இன்னொருக்கா அதைச் செய்யமாட்டம்."

"கூடு வாற நேரம் இப்பிடியோ வைச்சிருக்கிறது? வெக்கமில்லையா உங்களுக்கு?"

"வெக்கம்தான். அதுதான் இந்த வருஷம் எங்கட தோட்டத்துக்கு வரவேண்டாம் எண்டு பங்குச் சுவாமியிட்டப் போய்ச் சொல்லியிட்டம். ஸவாஹிர் முதலாளியிட்டயும் கதவு திறக்கவேண்டாம் எண்டு சொன்னம்."

வருஷத்தில் ஒரு வாரம் மனிதராக இருந்த சனம் அந்த ஒரு வாரத்தையும் வேண்டாம் என்று விட்டிருந்தது. இவனுக்கு எதிராகச் செய்ய அவர்கள் கையில் வேறொன்றும் இருக்கவில்லை. மேளச் சத்தம் கிட்ட வந்தது. சனம் ஒழுங்கையைப் பார்த்தது. கூடு முனைக்கு வந்து, திரும்பாமல், நேரே போயிற்று. பின்வரிசையில் ஒரு பெண் விக்கி அழுதாள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே, அந்த நாற்றத்துக்கு நடுவே, முழங்காலில் இருந்தார்கள்.

பேர்னாட்டின் பெண்சாதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிவிட்டாள். பேர்னாட் கிளெமென்றைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். கானைப் பார்த்த அதே முகத்தோடுதான் பார்த்தான். "திங்கட்கிழமை கந்தோரில சந்திப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை கந்தோர் முழுக்கக் கதை தெரிந்திருந்தது.

அதோடு இறங்குமுகம்தான். பாதி வீடுகள் காலியாகின. காய்ச்சல் வந்த தோட்டத்துக்குப் புதிதாக யாரும் குடிவரவில்லை. மிச்ச வாடகை ஈட்டு வட்டிக்கே போயிற்று. மக்கீன் ஹாஜியார் சொன்ன இரண்டு வருஷமும் பொறுத்தார், அதற்கு மேலும் கொஞ்சம் பொறுத்தார். கடைசியில் வந்து, கண்ணைப் பார்க்காமல், வீட்டுக்கு வேறு ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்க இனி வக்கில்லை. கிளெமென்ற் தன் சொந்தத் தோட்டத்தில் கொன்ஸ்ரன்ரைன் இருந்த முன்வீட்டுக்கே சாமான்களை இறக்கினான்.

முதல் இரவு அவன் மூன்று தரம் வாந்தி எடுத்தான். ஜன்னல்களில் துணி அடைத்தான். லேஞ்சியை முகத்தில் கட்டிக்கொண்டு படுத்தான். ஐறீன் கராம்பைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். வாசலில் தினமும் சுண்ணாம்புத் தூள் தூவினாள். பிறிஜெற்றிடம் அப்பம் வாங்கிக் காலையில் அவன் முன்னாலேயே சாப்பிட்டாள். ஹெந்தளையைப் பற்றியோ கடற்காற்றைப் பற்றியோ அவள் வாயில் ஒரு பேச்சு இல்லை. அந்த மௌனம் கிளெமென்றுக்கு வசதியாக இருந்தது.

மரக்காலைக் கதவு பூட்டியபடியே இருந்தது. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பாதையை எழுதலாம் என்று ஸவாஹிர் இரண்டாம் தரமும் ஆள் அனுப்பினார். கிளெமென்ற் அசையவில்லை. விற்கப்போகிற இடத்துக்கு ஏன் செலவழிக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. ஆள் வரும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான்.

வருஷம் திரும்பி ஒரு மழைக்காலத்தில் உண்மையாகவே ஓர் ஆள் வந்தார். ஷிப்லி என்ற இளைஞர், வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருப்பவர், முதல்முதலாக ஒரு சொத்து வாங்கப் பார்க்கிறவர். மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கிளெமென்ற் அவரை முன்வீட்டுக்குள் இருத்தினான். ஐறீன் தேத்தண்ணி வைத்தாள். வந்தவர் கோப்பையைத் தொடவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"கான் மழைக்கு நிக்குமோ? ஒரு மாதிரி வாடை அடிக்குது" என்றார்.

"வாடையா?" கிளெமென்ற் சிரித்தான். "நான் இந்த வீட்டில பெண்சாதியோட இருக்கிறனான். ஒரு மணமும் இல்லை. நீங்களே மூச்சு இழுத்துப் பாருங்கோவன்."

வந்தவர் மூச்சு இழுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, மரியாதையாக ஸலாம் சொல்லிவிட்டு, மழைக்குள் கிட்டத்தட்ட ஓடினார்.

கிளெமென்ற் வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தான். காலடியில் கான் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. லேஞ்சி கட்டுவதை அவன் எப்போது விட்டான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. உள்ளே வந்து, வந்தவர் விட்டுப்போன தேத்தண்ணியை எடுத்து, முகர்ந்து பாராமல் குடித்தான்.

"விலை குறைக்கிறதுக்குச் சாட்டுச் சொல்லுறான். வாடையாம்" என்றான். "எங்க மணக்குது? உனக்கு மணக்குதா ஐறீன்?"

அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அடுப்படியில் நின்ற ஐறீன் திரும்பி அவனுடைய முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்களும் என்னை மாதிரிச் சகிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள் எண்டு நினைச்சுத்தான் நான் இவ்வளவு நாளும் வாய் திறக்காம இருந்தனான்" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு அவளுக்குக் கிட்டப் போனான். ஐறீன் ஓர் அடி பின்னால் வைத்து, சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.